மூச்சடக்கி உழைத்தவர் பெற்ற கூலி

நமது ஆலயம் எழுந்த வரலாறும், இங்குப் பணிபுரிந்த குருக்களின் வரிசையும் இந்த யூபிலி மலரின் வேறு பக்கங்களில் தரப்பட்டுள்ளன. அவற்றை மீண்டும் உரைக்க நாம் முற்படவில்லை. ஆலயத்தின் சுவரையும் கோபுரத்தையும் எழுப்பிய பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கடலிலிருந்து என்று சிறு பிள்ளையும் விடை சொல்லும். வலைக்கு அகப்பட்ட மீனால் வந்தது ஒரு பகுதி. மற்றொரு பகுதி, மூச்சடக்கி மூழ்கியவர்கள் கடலின் அடித்தரையிலிருந்து பொறுக்கி எடுத்த சிப்பியாலும் சங்காலும் வந்ததாகும். முத்தைப் பற்றிப் பாடிய புலவர்கள் உண்டு. முத்தின் விலையைக் குறித்து வைத்த வணிகர்கள் உண்டு. அதை எடுத்தவன் மாலையில் கரையேறியபோது அவன் கையில் என்ன இருந்தது என்று எழுதியவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருடைய குறிப்புகளைக் கோத்து, நம் முன்னோரின் கூலிக் கணக்கைப் பங்குமக்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொற்கை முத்து சங்க நூல்களில் புகழப்படுவதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயண நூலும் பாண்டியருடைய அத்துறையைக் குறிப்பிடுகிறது. ஆனால் நமது பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் ஒரு செய்தி அதில் இருக்கிறது. கொற்கையில் முத்துக்குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்பதே அது. பெயர் தெரியாத அந்த ஆசிரியர் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அன்று குளித்த அனைவரும் அத்தகையவர்களா என்பது ஆராய்ச்சியாளர் பாடு. எவ்வாறாயினும், ஒரு தொழிலைத் தண்டனையாக விதிக்கலாம் என்று ஓர் அரசு நினைத்தால், அந்தத் தொழிலின் துன்பம் எத்தகையது என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகள் கழித்து வந்தார் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மன்னார்க் கடலில் நடந்த முத்துக்குளிப்பை அவர் விவரிக்கும்போது, கூலிக்கு ஆள் அமர்த்தும் முறை வந்துவிட்டதைக் காண்கிறோம். வணிகர்கள் கூட்டாகச் சேர்ந்து கப்பல் கொண்டுவருவார்கள்; ஏப்ரல் மாதம் தொடங்கி மே மாதத்தின் நடுப்பகுதி வரை ஆட்களைச் சம்பளத்திற்கு வைத்துக்கொள்வார்கள். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கு. சுறா முதலிய பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டிப்போடுவதாகச் சொன்னவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. எஞ்சியது வணிகருடையது. மந்திரம் சொன்னவருக்குரிய பங்கைப் போலோ திட்டமாக எழுதுகிறார். மூழ்கியவனுக்குரிய சம்பளம் இன்னதென்று எழுதவில்லை.

நம் மக்கள் திருமறை தழுவிய வரலாறும் இந்தக் கூலியோடு தொடர்புடையதே. 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றதற்குப் பின்னணியில், முத்துக்குளிப்பின் உரிமை யாருக்கு என்ற கடும் பூசல் இருந்தது. இதைச் சொல்வதால் விசுவாசத்துக்கு இழுக்கு ஒன்றும் இல்லை. பசியும் அச்சமும் கொண்டு வந்தவர்களை ஆண்டவர் ஒருபோதும் தள்ளியதில்லை. 1542இல் வந்து சேர்ந்த புனித சவேரியார், உபதேசியார்களுக்குச் சம்பளம் கொடுக்க வழி தேடினார். இக்கரை மக்கள் செலுத்திய வரிப்பணத்தில் ஒரு பகுதி, போர்த்துக்கல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதையே சிறுவர்களுக்கு மந்திரம் கற்பிக்கும் உபதேசியார்களுக்காக விட்டுத்தரும்படி அவர் அரசி கத்தரீனாளுக்கு எழுதிக் கேட்டார். அண்டிரிக் அடிகளார் 1578இல் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டபோதும் இக்கரை மக்களின் பொருளுதவி அதற்கு இருந்தது. தமிழ் அச்சு நூல்களின் வரலாற்றை எழுதுவோர், அந்தப் பணத்துக்காக மூச்சடக்கியவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்கினால் நன்று.

1658இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அவர்கள் கணக்கில் வல்லவர்கள். முன்பே வழக்கில் இருந்த 'கல்' கணக்கு அவர்கள் ஆட்சியில் இன்னும் இறுகியது. கல் என்றால் என்ன? மூழ்குகிறவனை விரைவாக அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் கருங்கல். அதன் மேல்முனையில் துளையிட்டுக் கயிறு கோத்திருக்கும். ஒரு கல் என்றால் ஒரு முக்குளிப்பவன். வரி விதிக்கும்போது ஆளை எண்ணவில்லை, கல்லை எண்ணினார்கள். கிறிஸ்தவனுடைய கல்லுக்கு ஒரு வரி, முஸ்லிமுடைய கல்லுக்கு வேறொரு வரி என்ற பாகுபாடும் இருந்தது. மதுரை நாயக்கருக்கும், இராமநாதபுரம் சேதுபதிக்கும், நம் துறைகளின் பட்டங்கட்டிமாருக்கும் வரியில்லாக் கற்கள் இத்தனை என்று ஒதுக்கீடு உண்டு. அந்தக் கற்களில் மூழ்கியவர்கள் எடுத்த சிப்பி அந்தந்தப் பெரியவர்களைச் சார்ந்தது. கடல் வருமானத்தில் கோவிலுக்கு ஒரு பங்கு என்ற வழக்கமும் இக்கரையில் நெடுங்காலம் இருந்துவந்தது. எனவே பங்கு கேட்டவர்களின் வரிசையில் கோவிலையும் நாம் மறைக்காமல் சேர்த்தே எழுத வேண்டும்.

வேலை எவ்வாறு நடந்தது என்பதற்கு நல்ல சாட்சி ஆங்கிலேயப் படை அதிகாரி இராபர்ட் பெர்சிவல் என்பவர். ஒல்லாந்தரிடமிருந்து இலங்கைக் கரையை ஆங்கிலேயர் பிடித்த சில ஆண்டுகளில் அவர் அங்கே பணியாற்றி, 1803இல் ஒரு நூல் வெளியிட்டார். இரவு பத்து மணியளவில் பீரங்கி வெடிக்கும். கரைக்காற்றில் படகுகள் புறப்பட்டு, விடியுமுன் பார் இருக்கும் இடத்தை அடையும். 'பார்' என்பது சிப்பி விளையும் கடலடிப் பாறைத்திட்டு. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள தொள்ளாயிரம் பாரின் பெயரை இன்றும் நம் முதியவர்கள் சொல்வார்கள். ஒரு படகில் தண்டலைச் சேர்க்காமல் இருபது பேர். பத்துப்பேர் தண்டு வலித்துக் கயிறு இழுப்பவர்கள், பத்துப்பேர் மூழ்குபவர்கள். ஐவர் மூழ்கும்போது ஐவர் மூச்சு வாங்குவார்கள். வலக்கால் விரல்களால் கல்லின் கயிற்றையும், இடக்கால் விரல்களால் வலைப்பையையும் பற்றிக்கொண்டு, ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மற்றக் கையில் இழுகயிற்றோடு இறங்குவார்கள். அடியில் கிடைக்கும் நேரம் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். அதற்குள் கைக்கு அகப்பட்டதைப் பையில் வாரிப்போட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும். உச்சிப்பொழுதில் கடற்காற்று திரும்பும்வரை இதுவே வேலை.

மேலே வந்தவர்களின் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் நீர் வடியும். பல வேளைகளில் இரத்தமும் வடியும் என்று பெர்சிவல் எழுதுகிறார். அப்படியிருந்தும் தம் முறை வந்தவுடன் மறுபடி இறங்குவார்களாம். ஒரே நாளில் நாற்பது, ஐம்பது முறை இறங்குவதும் உண்டாம். கூலி எப்படி? படகுக்காரனோடு செய்த பேச்சின்படி பணமாகவோ, எடுத்த சிப்பியில் ஒரு பங்காகவோ தரப்பட்டது. பெரும்பாலோர் பங்கையே ஏற்றார்கள் என்கிறார் அவர்.

இங்கே சற்று நிற்போம். சிப்பியைத் திறக்குமுன் அதில் முத்து உண்டா என்று யாருக்கும் தெரியாது. நூறு சிப்பியில் ஒன்றும் இல்லாமல் போகலாம். நூற்றோராவதில் வீடு கட்டும் முத்து இருக்கலாம். மூழ்கியவன் தன் பங்கைத் தானே திறந்து பார்த்தால் அது சூதாட்டம். திறவாமல் கரையிலேயே சிறு வியாபாரிக்கு விற்றால், சூதாட்டத்தின் லாபம் வியாபாரிக்கு. அன்றைய அரிசி மட்டும் இவனுக்கு. வீட்டில் அரிசி இருந்தவன் திறந்து பார்த்தான், இல்லாதவன் விற்றான். ஆகவே 'பங்கு' என்ற சொல் காதுக்கு நீதியாக ஒலித்தாலும், கையில் முதல் உள்ளவனுக்கு ஒரு விதமாகவும் இல்லாதவனுக்கு வேறு விதமாகவும் அது பொருள்பட்டது. இதற்கிடையில், சிப்பியை அழுகவிட்டுக் கழுவும் கூலியாட்கள் முத்தை விழுங்கிவிட்டார்கள் என்று சந்தேகம் எழுந்தால், அவர்களுக்கு வாந்தி மருந்தும் பேதி மருந்தும் கொடுத்துச் சோதித்தார்களாம். இதையும் பெர்சிவல்தான் எழுதி வைத்திருக்கிறார்.

சுறாவைக் கட்டும் மந்திரக்காரரும் 19ஆம் நூற்றாண்டிலும் இருந்தார். அவருக்குக் 'கடல்கட்டி' என்று பெயர். அவர் கரையில் இல்லாவிட்டால் எவரும் நீரில் இறங்கமாட்டார்கள். இலங்கையைப் பற்றி 1859இல் பெருநூல் எழுதிய எமர்சன் டென்னன்ட் ஒரு வேடிக்கையான செய்தியைத் தருகிறார். பரம்பரையாக வரும் அந்தப் பணியை அப்போது வகித்த குடும்பத் தலைவர் ஒரு கத்தோலிக்கராம்! அன்றிருந்த பங்குக் குரு அவரிடம் என்ன சொன்னாரோ, நாம் அறியோம். ஆனால் சுறாவால் நேர்ந்த சாவுகள் மிக அரிது என்று அக்கால அதிகாரிகளே பதிவு செய்திருக்கிறார்கள். மூழ்கியவனுடைய உண்மையான காவல் கயிறு பிடித்தவனே. அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று நம் கரையில் சொல்லக் கேட்டிருக்கிறோம். தன் உடன்பிறந்தவள் தாலியைக் காக்க அவன் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பான் அல்லவா? கூலிச் சட்டமோ காப்புறுதியோ இல்லாத காலத்தில் நம்மவர் தாமே கண்டுபிடித்த காப்புறுதி அது.

ஆங்கிலேய அரசு பின்னர் பங்கை ஒழுங்குபடுத்தியது. சிப்பிக் குவியலில் மூன்றில் இரண்டு அரசுக்கு, மூன்றில் ஒன்று படகிலிருந்தவர்களுக்கு என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார்க் கடலின் இலங்கைப் பகுதியில் நடந்த முறை. அந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் மூழ்கியவனும் கயிறு இழுத்தவனும் எடுத்துக்கொள்ள வேண்டும். 1905இல் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் வருமானம் வந்தது. அதைக் கண்டு ஆசைப்பட்ட ஒரு கம்பெனி, 1906இல் 20 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தது. சில ஆண்டுகளிலேயே பார்களில் சிப்பி இல்லாமற்போய்க் கம்பெனியும் கலைந்தது. கம்பெனியின் நட்டம் ஏட்டில் இருக்கிறது. அதை நம்பித் தோணியேறிப் போனவர்களின் நட்டத்தை எந்த ஏட்டிலும் காணோம்.

மரிச்சுக்கட்டியில் நம்மவரோடும் கீழக்கரை முஸ்லிம் சகோதரரோடும், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபியரும் மூழ்கினார்கள். அவர்கள் ஊரில் நடந்த ஒன்றை இங்குச் சொல்லியாக வேண்டும். பஹ்ரைனில் முக்குளிப்பவன் பருவம் தொடங்குமுன் படகுத் தலைவனிடம் முன்பணம் வாங்குவான். பருவ முடிவில் அவன் பங்கு முன்பணத்துக்கு ஈடாகாது. கடன் அடுத்த ஆண்டுக்குப் போகும். அவன் இறந்தால் மகன் தலையில் விழும். கணக்கு எழுதுபவனும் கடன் கொடுத்தவனும் ஒரே ஆள் என்பதால், எழுத்தறியாதவனுக்குக் கடன் எவ்வளவு என்றே தெரியாது. 1920களில் அந்நாட்டு அரசு, ஆங்கிலேய அதிகாரிகளின் தூண்டுதலால், ஒவ்வொரு முக்குளிப்பவனுக்கும் தனிக் கணக்குப் புத்தகம் தரவேண்டும் என்று சட்டம் செய்தது. படகுத் தலைவர்கள் அதை எதிர்த்தார்கள். முன்பணத்தின் அளவு பற்றிய மனக்குறையால் 1932இல் முக்குளிப்பவர்களே கலகம் செய்ததும் உண்டு. எனினும் புத்தகம் கைக்கு வந்தது. அதற்குள் ஜப்பானில் மிகிமோட்டோ வளர்த்த முத்து உலகச் சந்தையை நிரப்பிவிட்டதால், புத்தகத்தில் எழுத வரவுதான் குறைந்துபோயிற்று.

நம் கரைக்குத் திரும்புவோம். முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடக்கும் தொழிலன்று. தூத்துக்குடியில் 1926, 1927, 1928 ஆகிய ஆண்டுகளில் நடந்தபின், அடுத்தது 1955இல்தான் தொடங்கியது. இடையில் 27 ஆண்டுகள்! ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, மணமுடித்துவிட்டது. அத்தனை காலமும் இவர்களுக்குச் சோறு போட்டது சங்கு. சங்கு குளித்தல் அரசின் தனியுரிமையாய் இருந்தது. எடுத்த சங்கை அரசுக் கிடங்கில் அளவு வளையத்தில் இட்டுப் பார்த்து, சிறியதை விலக்கி, எஞ்சியதற்கு எண்ணிக்கைப்படி கூலி கொடுப்பார்கள். பின்பு அது கப்பலேறி வங்காளத்துக்குப் போய், டாக்காவிலும் கல்கத்தாவிலும் வளையலாக அறுக்கப்பட்டு, அங்குள்ள சுமங்கலிகளின் கையில் ஏறும். சென்னை மாகாண மீன்வளத்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்குக்கென்றே ஒரு நூல் எழுதினார். எந்தச் சங்கு எந்த ஊருக்குப் போகிறது என்று அறிய விரும்புவோர் அதைப் படிக்கலாம்.

முத்தில் சூதாட்டமாவது இருந்தது. சங்கில் அதுவும் இல்லை. கலங்கிய நீரில் இருபது முறை மூழ்கி வெறுங்கையோடு வந்தவனுக்குக் கூலி கிடையாது. ஆழம் ஐந்து பாகமானாலும் பத்துப் பாகமானாலும் சங்கு எண்ணிக்கைதான் கணக்கு. கொற்கைக் காலம் முதல் இதுவரை நாம் பார்த்த எல்லா முறைகளிலும் ஒன்று மாறவில்லை: எடுத்ததை எண்ணினார்களே அன்றி, இறங்கியதை எவரும் எண்ணவில்லை.

1955 முதல் 1961 வரை சென்னை அரசு நடத்திய முத்துக்குளிப்பே தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்பு. அந்நாட்களை ஒட்டியே, முதுகில் காற்று உருளை கட்டி மூழ்கும் ஸ்கூபா முறையும் இக்கடலுக்கு வந்தது. பிரான்சு நாட்டில் கூஸ்தோவும் காஞானும் 1943இல் அமைத்த கருவி அது. உலக உணவு விவசாய நிறுவனம் அனுப்பிய நிபுணர் ஒருவர் அக்கருவியோடு நம் பார்களைப் பார்வையிட்டார். பின்னர் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அம்முறையில் மூழ்கிச் சிப்பி சேகரித்து, 1973இல் தூத்துக்குடியில் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார்கள்.

கல் கட்டி மூழ்கியவனுக்குத் தெரியாத புதிய ஆபத்து ஒன்று காற்றோடு சேர்ந்து வந்தது. ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்துக்கும், நாம் கரையில் தாங்கும் காற்றழுத்தத்தின் அளவு இன்னொரு மடங்கு உடலின்மேல் ஏறும். அந்த அழுத்தத்தில் மணிக்கணக்காகச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் வாயு இரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்குகிறது. சட்டென்று மேலே வந்தால், மூடி திறந்த சோடாப் புட்டியைப் போல அது குமிழியாகப் பொங்கும். மூட்டில் பொங்கினால் தாங்கவொண்ணா வலி. முதுகுத்தண்டில் பொங்கினால் இடுப்புக்குக் கீழ் உணர்வே போய்விடும். பால் பேர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1878இல் இதன் காரணத்தை விளக்கினார். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால், எங்கெங்கே நின்று எவ்வளவு மெதுவாக மேலே வரவேண்டும் என்ற அட்டவணையை ஹால்டேன் என்ற அறிஞர் ஆங்கிலேயக் கடற்படைக்காக 1908இல் வெளியிட்டார். ஸ்கூபா கற்பிக்கும் எந்தப் பள்ளியிலும் அதன் வழிவந்த அட்டவணைதான் முதற்பாடம். ஆராய்ச்சிக்கோ துறைமுக வேலைக்கோ முறைப்படி மூழ்குகிறவர் தனியே இறங்கமாட்டார். உடலைச் சோதித்த மருத்துவச் சான்று வைத்திருப்பார். ஒவ்வொரு இறக்கத்தின் ஆழத்தையும் நேரத்தையும் ஏட்டில் குறிப்பார்.

நம் சங்குகுளிப் படகுகளுக்கு வந்து சேர்ந்தது வேறு கருவி. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரைப் போன்ற ஓர் இயந்திரம். அதிலிருந்து நீளும் ஒரு குழாய். வாயில் கவ்வ ஒரு முனை. அட்டவணை வரவில்லை. அழுத்தமானி வரவில்லை. படகின் இயந்திரப் புகையே சில வேளை குழாய் வழியாக இறங்கிவிடுகிறது. ஒரு நிமிட மூச்சு என்ற எல்லை முன்பு நம்மவரைத் தம்மையறியாமல் பெருமளவு காத்தது. குழாய் வந்தபின் அந்த எல்லை இல்லை. சங்கு இருக்கும்வரை அடியில் இருக்கலாம். படகுக்கும் இயந்திரத்துக்கும் எண்ணெய்க்கும் பங்கு போனபின் எஞ்சியது மூழ்கியவனுக்கு. அன்று அவன் மூன்று மணி நேரம் இருந்தானா, ஆறு மணி நேரம் இருந்தானா என்று எழுதுவார் இல்லை. முன்பணம் மட்டும் தவறாமல் எழுதப்படுகிறது, கொடுத்தவருடைய ஏட்டில்.

நோயாளருக்கு நற்கருணை கொண்டுபோகும் வீடுகளில், நாற்பது வயது நிரம்பாத ஆண்கள் கட்டிலில் கிடப்பதை நாம் காண்கிறோம். பெயர்கள் இங்கு வேண்டாம், பங்குமக்கள் அறிவார்கள். அத்தகைய வீடு ஒன்றில் ஒரு தாய் நம்மிடம், "சாமி, அவன் முந்தி மாதிரி மூச்சடக்கிப் போயிருந்தா கொறச்சலாத்தான் கொண்டுவந்திருப்பான், ஆனா நடந்து வந்திருப்பான்" என்றார்.

தமிழ்நாட்டில் மீனவர் நல வாரியத்துக்கான சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. விபத்திலும் சாவிலும் உதவி பெற வழி உண்டு. ஆனால் அதற்குப் பெயர் பதிந்திருக்க வேண்டும். பதியும்போது, தாம் சங்கு குளிப்பவர் என்று சொல்லத் தயங்கும் இளைஞர் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். கேட்டால், வலைக்குப் போகிறோம் என்கிறார்கள். இந்த யூபிலி ஆண்டில் பங்குப் பேரவை, மூழ்கும் தொழில் செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு புத்தகம் அச்சிட்டுத் தருகிறது. அதில் ஒரு பக்கம் வாங்கிய முன்பணத்துக்கும் வந்த பங்குக்கும். எதிர்ப்பக்கம் இறங்கிய ஆழத்துக்கும் இருந்த நேரத்துக்கும். பின் அட்டையில் அட்டவணையைத் தமிழில் அச்சிட்டிருக்கிறோம். ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப்பின் பங்கு மன்றத்தில் அதைப் பெற்றுக்கொள்ளலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு இளைஞர் இயக்கத்துப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். படகில் குழாயைக் கவனிக்கிறவரும் கூட வந்தால் நல்லது. அவர் மைத்துனராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.